93 டிகிரியில் கொதித்த தண்ணீர்

கடந்த நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆய்வகத்தில் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. வெப்பம் பாடத்துக்காக முகவையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. குமிழிகள் அடியிலிருந்து எழுந்து மேலே வந்து உடைந்தன. ஆவி சன்னல் கண்ணாடியில் படிந்து வழிந்தது. வெப்பநிலைமானியோ 93 டிகிரிக்கு வந்து, அதற்குமேல் ஏற மறுத்து நின்றுவிட்டது. அந்த மாணவி குனிந்து பார்த்தாள், இன்னொரு முறை பார்த்தாள், பிறகு நிமிர்ந்து, "டீச்சர், இந்தத் தெர்மாமீட்டர் கெட்டுப்போயிருக்கு. நேத்து வி.ஆர். கண்ணாடியில நூறு காட்டுச்சே" என்றாள். வேறொன்றை எடுத்துக் கொடுத்தேன். அதுவும் 93க்குச் சற்றுக் கீழே நின்றது. "அதுவும் இதே பெட்டியில வந்ததுதானே டீச்சர்" என்றாள். வகுப்பில் முப்பத்து நான்கு பேரும் அவள் பக்கம் இருந்தார்கள்.

உதகைக்கு அருகிலுள்ள அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாக அறிவியல் கற்பிக்கிறேன். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2200 மீட்டர் உயரத்தில், காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகமாக இருக்கும் இந்த ஊரில், தண்ணீர் 93 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வேலைக்காக மலையேறி வந்த முதல் வாரத்தில், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வேகவைக்க முயன்று, ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகும் அது கையில் நசுங்காமல் கிடந்தபோது, எனக்கு இந்தப் பாடத்தை இந்த மலையே நடத்தியது. அதனால் ஒவ்வொரு ஆண்டும் இந்தச் சோதனையை நான் ஆவலோடு எதிர்பார்ப்பேன். புத்தகத்தில் 100 என்று படித்துவிட்டு வரும் பிள்ளைகள் 93ஐப் பார்த்ததும் திகைத்து, "ஏன் டீச்சர் ஏற மாட்டேங்குது?" என்று கேட்பார்கள். அந்த 'ஏன்' வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்ததுபோல. இந்த முறை அந்தக் கேள்வி வரவில்லை. கருவி கெட்டுவிட்டது என்ற தீர்ப்பு வந்தது. முந்தைய நாள் பிற்பகல், கணினி உருவாக்கிய காட்சிக்குள் நிற்பதுபோல் உணரவைக்கும் வி.ஆர். கண்ணாடிகளின் வழியே அவர்களுக்கு மெய்நிகர் ஆய்வகத்தைக் காட்டியது நான்தான்.

கண்ணாடிகள் வந்தபோது

ஒரு தொண்டு அமைப்பின் வழியாக எங்கள் பள்ளிக்கு ஐந்து வி.ஆர். கண்ணாடிகள் வந்தன. கோயம்புத்தூரில் ஒரு நாள் பயிற்சி நடந்தது. எங்கள் பள்ளியிலிருந்து விரும்பிச் சென்றவள் நான். பயிற்சியில் முதன்முதலாக அதை அணிந்து இரத்தக்குழாய்க்குள் நின்றபோது, சிவப்பணுக்கள் என் தோளை உரசிக்கொண்டு மிதந்து போனதுபோல் உணர்ந்தேன். கரும்பலகையில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எத்தனை ஆயிரம் வட்டங்களை வரைந்திருப்பேன் என்று எண்ணிக் கண் கலங்கியது. 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் இரண்டு கண்களுக்கு இரண்டு படங்களைக் காட்டி ஆழத்தை உண்டாக்கியதும், 1968இல் ஐவன் சதர்லேண்ட் தலையில் அணியும் திரையை உருவாக்கியதும் எனக்குத் தெரிந்த செய்திகள்தாம். ஆனால் தெரிந்திருப்பதும், அதற்குள் நிற்பதும் வேறுவேறாக இருந்தன. அந்த வேறுபாடுதான் பின்னால் என்னைச் சிக்கலில் கொண்டுபோய் நிறுத்தியது என்பது அன்று புரியவில்லை.

ஆசிரியர் அறையில் கருத்துகள் பலவாக இருந்தன. இயற்பியல் ஆசிரியர் முதல் நாளிலிருந்தே ஆதரவாளர். மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கைகளை வீசிக் காட்டியே களைத்துவிட்டதாகச் சொல்வார். விலங்கியல் ஆசிரியைக்குத் தவளையை அறுத்துப் படித்த கல்லூரி நாள்கள் இன்னும் நினைவிலிருக்கின்றன, பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் விலங்குகளை அறுப்பதைப் பட்டப்படிப்புகளில் நிறுத்தச் சொன்னது சரியே என்று நினைப்பவர், ஆனாலும் "மெய்நிகர் தவளைக்கு நாற்றமும் இல்லை, ஒன்றுக்கொன்று மாறுபாடும் இல்லை, எல்லாத் தவளையும் ஒரே தவளை" என்றார். அப்போது அதைப் பழைய மனிதர்களின் ஏக்கம் என்று எடுத்துக்கொண்டேன். கணித ஆசிரியரின் ஐயம் வேறு வகைப்பட்டது. 2015இல் கூகுள் தொடங்கிய எக்ஸ்பெடிஷன்ஸ் என்ற மெய்நிகர்ச் சுற்றுலாத் திட்டம் 2021இல் நிறுத்தப்பட்டதைச் சுட்டிக்காட்டி, ஆறு ஆண்டுகளில் மறையக்கூடிய ஒன்றின்மேல் பாடத்திட்டத்தைக் கட்டலாமா என்று கேட்டார். எனக்கு அதற்கு நல்ல பதில் இல்லை, இன்றும் இல்லை.

நடைமுறைத் தொல்லைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐந்து கண்ணாடிக்கு முப்பத்து நான்கு பிள்ளைகள் என்ற கணக்கே போதும். மலைக்கே உரிய ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். உறைபனிக் காலத்தில் அலமாரியிலிருந்து எடுத்த கண்ணாடி சில்லென்று இருக்கும்; பிள்ளைகள் முகத்தில் வைத்ததும் மூச்சின் ஈரம் வில்லைகளில் ஆவியாகப் படிந்து எல்லாம் மங்கிவிடும். உள்ளே எந்தக் காட்சி ஓடினாலும் முதல் இரண்டு நிமிடம் அவர்கள் பார்ப்பது நீராவி குளிர்ந்து நீராவதைத்தான். அதையும் பாடமாக்கினேன். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் தலைசுற்றும் பிள்ளைகள் இருவர் இதிலும் தலைசுற்றுகிறது என்றார்கள். பேருந்துக்குள் காது அசைவை உணர்கிறது, முன்னிருக்கையைப் பார்க்கும் கண் அசைவில்லை என்கிறது. இங்கே கண் அசைவு என்கிறது, காது இல்லை என்கிறது. முரண்பாடு ஒன்றே, திசைதான் மாறியிருக்கிறது என்று அவர்களுக்குச் சொன்னபோது, அந்த இருவரும் தம் தலைசுற்றலைப் பற்றிப் பெருமையாக மற்றவர்களிடம் விளக்கினார்கள்.

மொழிதான் உண்மையான தடை. காட்சிகளின் விளக்கம் ஆங்கிலத்தில் வருகிறது. எங்கள் வகுப்பில் வீட்டில் படுக மொழி பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ்வழி அறிவியலின் கலைச்சொற்களே ஒரு புது மொழி. அதன்மேல் ஆங்கிலக் குரலும் சேர்ந்தால், காதை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் நம்புவார்கள். எண்ணுக்கு மொழி வேண்டாம் அல்லவா? '100' என்று மின்னிய எண்ணை எல்லோரும் படித்தார்கள்.

கேட்டதும் கண்டதும்

அன்று மணி அடித்ததும் பிள்ளைகள் கலைந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்த வாக்கியம் தொடர்ந்து வந்தது. பதினெட்டு ஆண்டுகளாகப் புத்தகமும் 100 என்றுதான் சொல்கிறது. பிறகு ஏன் இந்த ஆண்டு மட்டும் கருவியின்மேல் பழி விழுந்தது? இரண்டு நாள் கழித்தே எனக்கு விளங்கியது. புத்தகத்தில் இருப்பது ஒருவர் சொன்னது. சொன்னதும் கண்டதும் முரண்பட்டால், கண்டதன் பக்கம் நின்று சொன்னதைக் கேள்வி கேட்பது பிள்ளைகளின் இயல்பு. பாட்டி சொன்ன பேயைத் தேடிப் போய் இல்லை என்று கண்டு திரும்பும் பிள்ளைகள் அவர்கள். ஆனால் மெய்நிகர் ஆய்வகத்தில் 100 என்பதை அவர்கள் கேட்கவில்லை, கண்டார்கள். தங்கள் கையாலேயே அடுப்பை ஏற்றி, தங்கள் கண்ணாலேயே எண் ஏறுவதைக் கண்டார்கள். மறுநாள் ஆய்வகத்தில் மோதிக்கொண்டவை இரண்டு காட்சிகள். ஒன்றில் பிசிறில்லாத ஒளி, துல்லியமான எண், நினைத்த நேரத்தில் கொதிக்கும் தண்ணீர். மற்றொன்றில் புகை படிந்த முகவை, கீறல் விழுந்த வெப்பநிலைமானி, இருபது நிமிடக் காத்திருப்பு. எதை நம்புவார்கள்?

மெய்நிகர் ஆய்வகம் பொய் சொல்லவில்லை. கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கிறது. ஆனால் அது எந்த ஊர்த் தண்ணீர் என்று அந்தக் காட்சியில் எங்கும் எழுதவில்லை. அதை உருவாக்கியவர் உள்ளே வைத்த விடையைத் தவிர வேறு எதுவும் அதிலிருந்து வெளியே வராது. அது பிழையாவதற்கும் வழியில்லை, வியப்பைத் தருவதற்கும் வழியில்லை. விலங்கியல் ஆசிரியை சொன்ன ஒரே தவளையின் பொருள் அன்றுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் காலை அவரிடம் சென்று அதைச் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மாணவி தவறு செய்யவில்லை. இரண்டு அளவீடுகள் முரண்படும்போது ஒரு கருவியை ஐயுறுவது அறிவியல்தான். "இதே பெட்டியில வந்ததுதானே" என்ற அவளுடைய வாதம், நான் பயிற்சிக் கல்லூரியில் எழுதிய பல விடைகளைவிடக் கூர்மையானது. அவள் ஐயுறத் தேர்ந்தெடுத்த கருவிதான் என்னை வருத்தியது. காற்றழுத்தத்தை விளக்கி அவளை வாயடைக்கச் செய்ய என்னால் முடிந்திருக்கும். அப்படிச் செய்திருந்தால் கண்ணாடி சொன்ன விடைக்குப் பதிலாக டீச்சர் சொன்ன விடையை ஏற்றுக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். ஆகவே அடுத்த வகுப்பில், "கெட்டுப்போயிருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று மட்டும் கேட்டேன்.

நீண்ட நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், ஐஸில் வைத்துப் பார்க்கலாம், பூச்சியம் காட்டவேண்டும் என்றான். பனிக்கட்டி உருகும் வெப்பநிலை காற்றழுத்தத்தால் அனேகமாக மாறுவதில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் சரியான இடத்தில் கைவைத்துவிட்டான். உருகும் பனிக்கட்டியில் இரண்டு மானிகளும் பூச்சியத்தைக் காட்டின. அந்த மாணவியின் முகத்தில் அப்போது தோன்றிய குழப்பத்தை நான் வெகுநாளாகக் காத்திருந்து பெற்ற பரிசாகவே கருதுகிறேன். கீழே சரியாகக் காட்டும் கருவி மேலே மட்டும் ஏன் ஏமாற்றுகிறது? அந்த வார இறுதியில் மேட்டுப்பாளையத்தில் அத்தை வீட்டுக்குப் போவதாகவும், அங்கே கொதிக்கவைத்துப் பார்த்து வருவதாகவும் அவளே சொன்னாள்.

பாதரச மானியைக் கொடுத்தனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பநிலைமானித் தொழிற்சாலையின் பாதரசம் அந்த மலைக்குச் செய்த கேட்டை அறிந்த எவரும் அதை ஒரு பிள்ளையின் பையில் போட்டு மலைப்பாதையில் அனுப்பமாட்டார்கள். என் சமையலறையில் இருந்த டிஜிட்டல் மானியை எடுத்துவந்து, ஐஸிலும் கொதிநீரிலும் பள்ளி மானியோடு ஒப்பிட்டுக் காட்டி, பெரியவர்கள் அருகில் இருக்கவேண்டும் என்று அவள் அம்மாவுக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். குன்னூர் மார்க்கெட்டில் தேநீர்க் கடை வைத்திருப்பவரின் மகன் தானும் அளப்பதாகச் சொன்னான். அதே மானி இருவர் கைக்கும் மாறியது. குன்னூரில் 94, மேட்டுப்பாளையத்தில் 99.

முத்தோரைச் சரிவு

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் கண்ணாடிகளை அலமாரியில் பூட்டிவிட்டேன் என்று வாசிப்பவர் நினைக்கக்கூடும். பூட்டவில்லை. கண்ணாடி எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை அதே பருவத்தில் இன்னொரு பாடம் எனக்குக் காட்டியது.

உதகைக்கு அருகில் முத்தோரையில் இருக்கும் வானொலித் தொலைநோக்கியை எங்கள் பிள்ளைகள் பலர் பேருந்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்து 1970இல் பணி முடிந்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த நீளமான கருவியை ஏன் ஒரு மலைச்சரிவில், தெற்கிலிருந்து வடக்காக ஏறும்படி வைத்தார்கள் என்பதை விளக்குவது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் தோல்விதான். உதகையின் அட்சரேகை ஏறத்தாழ 11 டிகிரி. சரிவின் சாய்வும் அதே 11 டிகிரி. ஆகவே அந்தக் கருவியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. பூமி ஒரு பக்கம் சுழலச் சுழல, கருவியை அந்த ஓர் அச்சில் எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தால், வானில் ஒரே பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடரலாம். இந்த மலை சரியான அட்சரேகையில் சரியான சாய்வோடு கிடைத்ததால் அமைந்த அழகு அது. சாத்துக்குடியில் பென்சிலைக் குத்தியும், பந்தில் குச்சியை ஒட்டியும் காட்டியிருக்கிறேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள், தேர்வில் மனப்பாடம் எழுதுவார்கள்.

இந்த முறை இரண்டு தொழில்நுட்பங்களை முயன்றேன். முதலில் வி.ஆர். கண்ணாடியில் பூமிக்கு வெளியே அவர்களை நிறுத்தினேன். பூமி சுழல்வதைக் கண்டார்கள், வியந்தார்கள். ஆனால் கண்ணாடிக்குள் இருக்கும் பிள்ளையின் கண் எனக்குத் தெரியவில்லை. எங்கே புரிந்தது, எங்கே வழுக்கியது என்பதை நான் கண்களைப் பார்த்துத்தான் அறிவேன். எந்த ஆசிரியரும் அப்படித்தான். அதன்பிறகு, நம் முன்னிருக்கும் காட்சியின்மேல் கணினிப் படத்தைச் சேர்த்துக் காட்டும் ஏ.ஆர். செயலி ஒன்றைக் கைப்பேசியில் திறந்தோம். கேமரா வழியாகப் பார்த்தால் எங்கள் ஆய்வக மேசைமேல் பூமி நின்று சுழன்றது. ஒருத்தி கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் உதகை இருக்கும் இடத்தில் விரலை வைக்க, மூன்றாமவன் தன் ஸ்கேலை அந்த விரலோடு ஒட்டிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். நிமிர்த்தினால் வட துருவத்துக்குமேல் வேறெங்கோ சுட்டியது, படுக்கவைத்தால் வேறெங்கோ. ஒரு சாய்வில் ஸ்கேலும் பூமியின் அச்சும் ஒரே திசையில் நின்றன. "டீச்சர், இதுதான் முத்தோரை மேடு!" என்று கத்தினான். சண்டையும் கூச்சலுமாக இருந்த அந்த இருபது நிமிடமும் எல்லோருடைய கண்களும் எனக்குத் தெரிந்தன.

இரண்டு தொழில்நுட்பங்களையும் ஒரே மூச்சில் சொல்லும் வழக்கம் எனக்கு இனி வராது. ஒன்று பிள்ளையை வகுப்பிலிருந்து எடுத்துச் செல்கிறது. மற்றொன்று வகுப்புக்குள் ஒரு பொருளைக் கொண்டுவந்து வைக்கிறது. அணுவுக்குள், இரத்தக்குழாய்க்குள், பூமிக்கு வெளியே, அல்லது கொடைக்கானல் மலைகளில் 2018இல் பூத்து 2030வரை காத்திருக்கும் நீலக்குறிஞ்சிக்கு நடுவே போக முதலாவது வேண்டும். அங்கெல்லாம் போக வேறு வழியில்லை. தண்ணீர் கொதிப்பதைப் பார்க்க அது வேண்டாம். தண்ணீர் எங்கள் கையில் இருக்கிறது.

கல்வி ஆய்வுகளைத் தேடிப் படித்தபோது, என் வகுப்பில் நடந்ததை ஒட்டிய சிலவற்றைக் கண்டேன். ஜோசலின் பரோங்கும் ரிச்சர்ட் மேயரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், உயிரியல் பாடத்தைக் கண்ணாடி வழியே கற்ற மாணவர்களுக்கு ஆர்வம் கூடியது. கற்றதில் கணினியில் சாதாரண ஸ்லைடுகளைப் பார்த்துக் கற்றவர்களே முந்தினார்கள். ஆனால் கண்ணாடியில் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நிறுத்தி, கண்டதைத் தங்கள் சொல்லில் சுருக்கி எழுதச் சொன்னபோது கற்றல் உயர்ந்தது. அடுத்த ஆண்டு கைடோ மக்ரான்ஸ்கியும் உடனாளர்களும் மெய்நிகர் அறிவியல் ஆய்வகத்தைப் பற்றி வெளியிட்ட ஆய்விலும், கண்ணாடி அணிந்தவர்கள் அங்கேயே இருப்பதாக மிகுதியாக உணர்ந்தார்கள், கணினித் திரையில் செய்தவர்களைவிடக் குறைவாகக் கற்றார்கள். அங்கேயே இருப்பதான உணர்வு என்ற சொற்களைப் படித்தபோது, என் மாணவியின் 'நூறு காட்டுச்சே' காதில் ஒலித்தது.

கருத்துப் படிவம்

கண்ணாடிகளைத் தந்த அமைப்பு, பருவத்தின் நடுவில் ஆசிரியர்களின் கருத்தை அறிய ஒரு படிவம் அனுப்பியிருந்தது. மாணவர்களின் ஆர்வம் கூடியதா, வருகை கூடியதா, பயன்படுத்த எளிதா, மற்றப் பள்ளிகளுக்குப் பரிந்துரைப்பீர்களா என்று கேட்டிருந்தார்கள். எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று' என்று குறியிட்டு அனுப்பினேன், ஒவ்வொன்றும் உண்மை. ஆயினும் அந்தப் படிவம் என்னிடம் கேட்காத ஒன்று இருக்கிறது: கண்ணாடியைக் கழற்றியபிறகு பிள்ளைகள் எதை நம்பினார்கள், எதை நம்ப மறுத்தார்கள்? எங்களைப் போன்ற ஆசிரியர்களின் கருத்து என்று எங்காவது தொகுக்கப்படும் எண்களில் என் குறிகளும் இருக்கும். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். அமைப்புக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதினேன்: காட்சிகளுக்குத் தமிழ்க் குரல் வேண்டும், ஒவ்வொரு மெய்நிகர்ச் சோதனையிலும் இடத்தையும் உயரத்தையும் மாற்றும் வசதி வேண்டும், எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தால் 93 வரவேண்டும். கனிவான பதில் வந்திருக்கிறது.

வகுப்பில் இரண்டு மாற்றங்களைச் செய்தேன். கையால் செய்யக்கூடிய சோதனையைக் கையால் செய்து முடிக்காமல் அதன் மெய்நிகர் வடிவத்தைக் காட்டுவதில்லை. செய்முறைக் குறிப்பேட்டில் நோக்கத்துக்கும் தேவையான பொருள்களுக்கும் முன்னால் 'இடம்' என்று ஒரு வரி சேர்த்தோம்; ஊரின் பெயரும் உயரமும் அதில் எழுதவேண்டும். உயரங்களை ரயில் நிலையங்களின் பெயர்ப்பலகையிலிருந்து பிள்ளைகளே எடுத்துவந்தார்கள். சுமார் 330 மீட்டரில் தொடங்கி 46 கிலோமீட்டரில் 2200 மீட்டர்வரை ஏறும் மலை ரயில் இவ்வளவு நல்ல அளவுகோல் என்பதை நானும் முன்பு நினைத்ததில்லை.

மூன்று ஊர்களின் எண்களையும் வரைபடத்தாளில் குறித்த நாளில், அந்த மாணவிதான் ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தாள். மூன்று புள்ளிகளும் அனேகமாக ஒரே கோட்டில் விழுந்தன. முந்நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கணக்கு வந்தது. கோட்டை மேட்டுப்பாளையத்தோடு நிறுத்தாமல் கீழே நீட்டிக்கொண்டே போனாள். உயரம் பூச்சியமாகும் இடத்தில் கோடு 100ஐத் தொட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கண்ணாடியை ஒரு முறை தரும்படி கேட்டாள். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஆவி தெளியும்வரை பொறுத்திருந்து, மெய்நிகர் அடுப்பை ஏற்றி, எண் ஏறி நின்றதும் கழற்றி வைத்தாள். குறிப்பேட்டில் புதிய பக்கத்தைத் திருப்பி, 'இடம்' என்ற வரிக்கு எதிரே, 'கடல்மட்டம் என்று கருதுகிறேன்' என்று எழுதினாள்.